கரையேற்றி வைத்த போட்டு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் போட்டுவிடுகிறேன். நான் பென்சிலால் எழுதிக் கொடுப்பதை என் மகள் ஜெயா பிழை திருத்தி, போனில் அடித்துப் பத்திரிகைக்கு அனுப்புகிறாள். போன வாரம் காசிமேட்டு ஏலத்தைப் பற்றிச் சொல்ல வந்தவள், நடுவில் என் தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டேன். ஏலம் என்ன விலைக்கு முடிந்தது என்று சொல்லவே இல்லையே என்று எதிர்வீட்டு ரெஜினா திட்டினாள். மன்னித்துக்கொள்ளுங்கள். மறதியும் கூடிவிட்டது.

இன்றைக்குச் சொல்லப்போவதிலும் வருஷம் சரியாக நினைவில்லை. ஜெயாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால். ஒரு டிசம்பர் மாதம். அது மட்டும் நிச்சயம்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, துண்டில் சுற்றிய ஒரு பொருளை இரண்டு கையிலும் ஏந்தியபடி தெருமுனைக் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போனார். நான் கொஞ்சம் பின்னால் தள்ளி நடந்தேன். கூட்டம் இருக்கிற இடம் எனக்கு எப்போதுமே ஆகாது.

துண்டுக்குள் இருந்தது எங்கள் மீன்பிடி போட்டு. முழங்கை நீளத்துக்கு அவர் மரத்தில் செதுக்கிய மாதிரி.

குடில் கட்டுகிற வேலையெல்லாம் எங்கள் தெருவில் அந்தோணியண்ணன் பொறுப்பு. அவர் துண்டை விலக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துபோனது.

"அட சவரி! இன்னாத்தய்யா சொல்றது, அப்டியே கீது. வின்ச்சு கூட சுத்தும் போலக்கீதே?"

"சுத்தும்," என்று இவர் வலை இழுக்கிற அந்த உருளையை விரலால் சுற்றிக் காட்டினார்.

அந்தோணியண்ணனும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பிறகு துண்டை மறுபடியும் மூடினார். "ஆனா கடல்ல வெக்க முடியாது சவரி. உனுக்கே தெரியும். ஓடுற போட்டத்தான் வெக்கறது. உன்து ஒடச்சாச்சு இல்ல?"

இவர் துண்டோடு வாங்கிக்கொண்டு திரும்பி, என்னைத் தாண்டி வீட்டுக்குப் போனார். நான் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

சாக்பீஸ் தூண் வைத்த ஸ்டேஷன்

எங்கள் தெருக் குடிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது புரியாது.

ராயபுரத்தில் கிறிஸ்துமஸ் நெருங்கினால் தெருவுக்குத் தெரு குடில் எழும்பும். எல்லா ஊரிலும் இருப்பதுபோல மாட்டுக் கொட்டில், வைக்கோல், மாதா, சூசையப்பர் எல்லாம் இருப்பார்கள். கோணிப்பையைச் சிமெண்டுப் பாலில் முக்கிக் காயவைத்த மலை இருக்கும். எங்கள் தெருவில் அந்த மலைக்குக் கீழே கடலும் இருக்கும். நீல பாலிதீன் விரிப்பு, அதற்கடியில் மின்னுகிற சீரியல் லைட்டு.

கடலுக்குப் பக்கத்தில் ஹார்பர். துடைப்பக்குச்சியில் கிரேன்கள். தீப்பெட்டிக்கு வண்ணம் அடித்துக் கண்டெய்னர்கள். அப்புறம் எங்கள் ராயபுரம் ஸ்டேஷன். அட்டைப்பெட்டிக்குச் செங்கல் நிறம் பூசி, முன்னால் சாக்பீஸை வரிசையாக நட்டால் தூண்கள் ஆகிவிடும். ஸ்டேஷனைச் சுற்றி பேட்டரி ரயில் ஓடும். வளைவு வந்தால் கவிழும். யாராவது ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைத் தூக்கிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மேலே நைலான் நரம்பில் ஏரோப்பிளேன் தொங்கும். ஒரு வருஷம் ராக்கெட்டு கூட வைத்தார்கள். புகை வரவேண்டும் என்று அடியில் ஊதுபத்தியைச் செருகினார்கள். மேலே இருந்த வால்நட்சத்திரத்துக்கு வால் கருகிப்போனது. அந்த வருஷம் மூன்று ராஜாக்களும் வெறும் நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் வந்தார்கள்.

லைட்ஹவுஸில் விளக்கு சுற்றுவது காதர் பாய் கைவேலை. பக்கத்துத் தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். வருஷா வருஷம் அவரே வந்து மாட்டிவிட்டு, குடிலைச் சுற்றிப் பார்த்து ஏதாவது குறை சொல்லாமல் போகமாட்டார்.

"இன்னா அந்தோணி, கொழந்த காலே ரெண்டு ரயிலுப் பொட்டி நீளம் கீது. இது வளந்தா எந்த ரயில்ல ஏறும்?"

"அது எதுக்கு பாய் ரயில்ல ஏறணும்? கடல் மேல நடந்தே பூடும்."

பாய் சொன்னது சரிதான். எங்கள் குடிலில் அளவுக்கும் அளவுக்கும் பொருத்தமே இருக்காது. வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் சோப்பு டப்பா அளவில் ஒரு மூலையில் கிடக்கும். அதைவிட நாலு மடங்கு பெரிதாக எங்கள் தெருப் போட்டுகள் நிற்கும்.

அந்தப் போட்டுகள்தான் முக்கியம். கடலுக்குப் போகிற வீடு ஒவ்வொன்றும் தன் போட்டின் மாதிரியைக் கொண்டுவந்து அந்த நீல விரிப்பில் வைக்கும். தெர்மோகோலில் செய்வார்கள், பழைய ரப்பர் செருப்பை அறுத்துச் செய்வார்கள். பேரும் நிறமும் மட்டும் அச்சு அசலாக இருக்க வேண்டும். குடில் மந்திரிக்கிற நாளில் சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார். சின்னப் போட்டில் பட்டால் பெரிய போட்டில் பட்ட மாதிரி. வருஷம் முழுக்க அதற்குக் காவல்.

விற்றுவிட்ட போட்டையும் உடைத்துவிட்ட போட்டையும் வைக்கக்கூடாது. தண்ணீரில் இல்லாத போட்டுக்குத் தீர்த்தம் தெளித்தால், அது துணைக்குப் பக்கத்துப் போட்டையும் இழுத்துக்கொள்ளும் என்று ஒரு பயம். யார் சொல்லி ஆரம்பித்தது என்று தெரியாது. தெருவில் எல்லாருக்கும் அந்தப் பயம் உண்டு. எனக்கும் உண்டு. அதனால் அந்தோணியண்ணன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

என் தீப்பெட்டி ரயில்

தீப்பெட்டி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. இதையும் சொல்லிவிடுகிறேன்.

சின்ன வயதில் எனக்கு விளையாட்டுச் சாமான் என்று ஒன்றும் கிடையாது. தீப்பெட்டி கம்பெனி இருந்த விம்கோ நகர் பக்கம் குடியிருந்த என் பெரியம்மா வரும்போதெல்லாம் காலித் தீப்பெட்டி ஒரு பை நிறையக் கொண்டுவருவாள். ஊசி நூலால் ஒன்றோடு ஒன்று கோர்த்து ரயில் செய்வேன். சுவரோரம் ஆரம்பித்து எங்கள் ஒற்றை அறையின் வாசல்படி வரை நீளும். பெட்டியை இழுத்துத் திறந்தால் உள்ளே புளியங்கொட்டைப் பயணிகள்.

அப்பா வேலை முடிந்து வருவார். உடம்பெல்லாம் கரித்தூளும் எண்ணெயும் நாறும். வாசலில் நின்றுகொண்டு, "நைனா, கேட்டு போட்டுகீதா? தாண்டலாமா?" என்று கேட்பார். பெண் பிள்ளையையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். நான் தலையை ஆட்டினால்தான் தாண்டுவார். கூச்சத்தில் யாரிடமும் வாய் திறக்காத பெண் நான். என்னிடம் அனுமதி கேட்டு நின்ற ஒரே ஆள் அவர்தான்.

அப்புறம் அம்மாவுக்கு மீன் கூடை தூக்க ஆள் தேவைப்பட்டது. பள்ளிக்கூடமும் நின்றது, ரயிலும் நின்றது.

பலகை

எங்கள் போட்டு மரப் போட்டு. பேர் சகாயம். இவர்தான் டிரைவர். அதில் போய்வந்துதான் ஜெயாவை வளர்த்தோம், கூரையை ஓடாக்கினோம்.

கடைசியில் அடியில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. ஒரு இடத்தை அடைத்தால் இன்னொரு இடத்தில் வரும். ஆழத்தில் வலை விட்டிருக்கும்போது ஒருநாள் இடுப்பளவு தண்ணீர் ஏறி, வாளியால் இறைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். போட்டு ரிப்பேர் பார்க்கிற காசிமேட்டு யார்டில் மேலே தூக்கிப் பார்த்த ஆசாரி, "ஆணி புடிக்க மரமே இல்லண்ணே," என்று கைவிரித்துவிட்டார். உடைக்கிறதைத் தவிர வழியில்லை.

உடைத்த அன்று இவர் போகவில்லை. நான்தான் போய் நின்றேன். கடப்பாரை போடும்போது மரம் உடைகிற சத்தம் வரவில்லை, ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி இருந்தது. அணியத்துக்கு, அதாவது போட்டின் முன்மூக்குக்குக் கீழே மட்டும் ஒரு துண்டு இன்னும் கெட்டியாக இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, மீன் கூடையில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு வந்தேன். கழுத்து வழியாகத் தார் வாசனை இறங்கியது.

அவர் அதைப் பார்த்தார். "எதுக்குமே இது?" என்று கேட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

அதற்கப்புறம் அவர் கடலுக்குப் போகவில்லை. வேறு போட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள். இன்னொருவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வலைக்கூடத்தில் உட்கார்ந்து கிழிந்த வலை பின்னினார். வீட்டில் பேச்சு குறைந்தது. மழைக்காலம் ஆரம்பித்த சமயத்தில் ஒருநாள் காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பலகையை இழுத்தார். உடைந்த ஆக்சா பிளேடுக்குத் துணி சுற்றிப் பிடி போட்டுக்கொண்டு அறுக்க ஆரம்பித்தார்.

வீடெல்லாம் மரத்தூள். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் மறுபடியும் ஒரு வேலை நடக்கிற சத்தம்.

நூல்கண்டின் கட்டையில் வின்ச்சு செய்தார். டிரைவர் ரூம் கண்ணாடிக்கு மாத்திரை அட்டையின் பிளாஸ்டிக். ஓரத்தில் தொங்குகிற டயருக்கு மருந்து பாட்டிலின் ரப்பர் மூடியை வளையம் வளையமாக வெட்டினார். ஒருமுறை ஹார்பரில் போட்டு கட்டுகிற ஜெட்டியில் மோதி பெரிய போட்டின் இடதுபக்கம் நசுங்கியது. அதைக்கூட விடவில்லை. அங்கே சின்னதாகத் தேய்த்துப் பள்ளம் வைத்தார்.

"அந்தப் பள்ளம் எதுக்குப்பா? அழகா வுட்டுடேன்," என்றாள் ஜெயா.

"அது இல்லாங்காட்டி வேற எவனோட போட்டோ," என்றார்.

செய்து முடித்து, பேர் எழுதி, சட்டை மாற்றிக்கொண்டு அவர் குடிலுக்குப் போன சாயங்காலத்தைத்தான் முதலிலேயே சொன்னேன்.

பீரோவுக்கு மேலே

திரும்பி வந்தவர் போட்டை பீரோவுக்கு மேலே வைத்தார். மறுநாள் காலையில் வெந்நீர் போட நான் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, "அத்த எடுத்து இதுல போட்டுடுமே," என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். குப்பையைக் கொட்டச் சொல்வதுபோலச் சொன்னார். அன்றைக்கு வலைக்கூடத்துக்கும் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சோறு வைத்தால் எழுந்து சாப்பிடுவார், மறுபடி படுப்பார். இந்த மனிதர் இனி எழுந்திருக்கவே மாட்டாரோ என்று தோன்றியது.

குழாயடியில் ரெஜினா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, போய் அந்தோணிய நாலு வார்த்த நறுக்குனு கேளு. வாய இன்னா வாடகைக்கா வுட்டுட்ட?"

"அவுரு சொன்னதுல இன்னா தப்பு?"

"தப்பு இல்லன்னா? உன் வூட்டுக்காரு படுத்துகினே கெடக்கட்டும்னு வுட்டுடுவியா?"

நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது யார்டு வழியாக வந்தேன். போட்டுகளைத் தண்ணீரிலிருந்து தூக்கி மணலில் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். ஒன்றுக்கு அடியில் சுரண்டிக்கொண்டிருந்தார்கள், ஒன்றுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு போட்டு எத்தனையோ மாதமாக அப்படியே நிற்கிறது. அதன் நிழலில் நாய்கள் படுத்திருந்தன. அதை இல்லாத போட்டு என்று யாரும் சொல்வதில்லை. யார்டில் நிற்கிறது என்றுதான் சொல்கிறார்கள்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

யார்டு

மறுநாள் காலையில், குடிலில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அன்னக்கூடையில் கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு போனேன். மாவு சல்லடையில் சலித்த மணல். ஹார்பருக்குப் பின்னால், அட்டையும் ஒயரும் போட்டு வைத்திருந்த ஒரு மூலை காலியாகக் கிடந்தது. சுத்தம் செய்து மணலைக் கொட்டித் தட்டினேன். ஐஸ் குச்சிகளில் முட்டு. தார்ப்பாய்க்குக் கிழிந்த குடைத்துணி. டானிக் பாட்டில் மூடிகளை அடுக்கி எண்ணெய் பீப்பாய். தீக்குச்சியில் ஒரு ஏணியும் கட்டினேன். ஏணி கோணல்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து பீரோ மேலிருந்து போட்டை எடுத்தேன்.

"எங்கமே எடுத்துகினு போற?" படுத்தபடியே கேட்டார்.

"யார்டுக்கு."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

போட்டை மணலில் வைத்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அந்தோணியண்ணன் வந்துவிட்டார். என் கையிலிருந்து ஒரு குச்சி விழுந்தது.

"இன்னா தங்கச்சி இது?"

"யார்டுண்ணே."

"குடில்ல யார்டா? பெத்லகேம்ல ஏது யார்டு?"

பின்னாலேயே ரெஜினா வந்து நின்றிருந்தாள். "பெத்லகேம்ல ராயபுரம் ஸ்டேஷன் மட்டும் இருந்துச்சா? சொம்மா பேஜாரு பண்ணாத அந்தோணி."

"நீ சொம்மா இரு," என்றார் அவர். என்னிடம் குரலைத் தணித்துக்கொண்டார். "தங்கச்சி, ரிப்பேர்ல கீதுன்னு சொல்லி சாமி முன்னாடி வெக்கிற. அது ஒடச்ச போட்டு. சாமிகிட்டயே டபாய்க்கலாமா?"

தெருவில் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு ஓடிவிடலாம்போல இருந்தது. ஆனால் பேசினேன். எப்படிப் பேசினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"டபாய்க்கலண்ணே. இது அந்தப் போட்டோட பலகைதான். ஒடச்ச அன்னிக்கு நான்தான் தலைல தூக்கியாந்தேன். கடல்ல வெக்கக்கூடாதுன்னீங்க, வெக்கல. உங்க போட்டுங்க பக்கத்துலயும் வெக்கல. கரை மேல ஏத்திட்டேன். வேல எப்ப முடியும்னு கேக்காதீங்க. அது எனுக்குத் தெரியாது."

அந்தோணியண்ணன் போட்டைப் பார்த்தார். குனிந்து அந்தப் பள்ளத்தை விரலால் தடவினார். ஜெட்டியில் மோதியபோது அவரும் அந்தப் போட்டில் இருந்தவர்.

"லைட்டு ஒண்ணு இந்தப் பக்கம் இஸ்துடு," என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனார்.

மந்திரிப்பு

மந்திரிக்கிற நாளன்று தெரு நிறையக் கூட்டம். கேக்கு வாசனை, சாம்பிராணி, மழை பெய்து நின்ற மண். ஜெயா வந்து, "அப்பா வரமாட்டேங்கறாரும்மா," என்றாள். நான் கூட்டத்தின் பின்னால், ஒரு கம்பத்தோடு ஒட்டி நின்றுகொண்டேன்.

சாமியார் ஜெபம் ஆரம்பித்தார். கொட்டிலில் தெளித்தார், மலையில் தெளித்தார். கடலுக்கு வந்து ஒவ்வொரு போட்டின் பேராகப் படிக்கும்போது, கூட்டம் விலகுகிற சலசலப்பு கேட்டது. இவர் வந்துகொண்டிருந்தார். கசங்கின லுங்கி, வாராத தலை. நேராக அந்த மூலைக்குப் போய்க் குந்திக்கொண்டார்.

ஜெபம் நடந்துகொண்டே இருக்கிறது. இவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி என்னைத் தேடிக் கத்தினார்: "இன்னாமே, முட்டு இப்டியா குடுப்பாங்க? காத்தடிச்சா சாஞ்சுக்காது?"

ரெஜினா களுக்கென்று சிரித்துவிட்டாள். அவளைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். சாமியார் ஜெபத்தை நிறுத்தினார். "முடிங்க, நான் நிக்கறேன்," என்றார்.

இவர் அவசரப்படவில்லை. நான் வைத்த குச்சிகளை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சாய்த்து ஊன்றினார். போட்டைத் தூக்கி வைத்து, தலையைச் சாய்த்து மட்டம் பார்த்தார். பெரிய போட்டில் பார்க்கிற அதே மாதிரி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு. பிறகு நகர்ந்து வழி விட்டார். சாமியார் "சகாயம்" என்று பேர் சொல்லித் தெளித்தார். போட்டிலும் விழுந்தது, அவர் தோளிலும் விழுந்தது. அவர் துடைக்கவில்லை.

மறுநாள் காலையில் நாஷ்டா கேட்டார். சாப்பிட்டுவிட்டு வலைக்கூடத்துக்குப் போனார்.

அடுத்தடுத்த வருஷங்களில் அந்த மூலை பெரிதாகிவிட்டது. கடலை விட்டவர்கள், போட்டை விற்றவர்கள், மகன்களை வெளிநாடு அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பவர்கள், எல்லாரும் கொண்டுவந்தார்கள். ஒரு வருஷம் அந்தோணியண்ணனே தன் போட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "தங்கச்சி, கொஞ்சம் தள்ளி வெய்யி, எனுக்கும் எடம் வோணும்," என்றார். அப்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் மணலைத் தள்ளி இடம் செய்துகொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிறது. முதல் வருஷம் நான் குடில் பக்கமே போகவில்லை. போன வருஷம் நான்தான் போட்டைக் கொண்டுபோய் வைத்தேன். வைக்கும்போது எனக்கும் ஜெயாவுக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது.

யார்டுக்கு வேலைக்கு வந்த போட்டைக் கரையைப் பார்த்து நிறுத்துவார்கள். வேலை முடிந்து தண்ணீரில் இறங்கப்போகிற போட்டை அணியம் கடலைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்துவார்கள். முதன்முதலில் யார்டு செய்த அன்று நான் கரையைப் பார்த்துத்தான் வைத்தேன். மந்திரிப்பில் முட்டுக் குச்சிகளை மாற்றியபோது அவர் போட்டைத் தூக்கி, கடல் பக்கம் திருப்பி வைத்தார் என்பது என் ஞாபகம். அவர் திருப்பவே இல்லை, இருந்தபடியேதான் வைத்தார் என்கிறாள் ஜெயா. அவள் முன்னால் நின்றவள். நான் கம்பத்துக்குப் பக்கத்தில், கண்ணில் தண்ணீரோடு நின்றவள். அவள் போனில் இருந்த படங்களும் பழைய போனோடு போய்விட்டன.

எங்கள் தெருக்காரர்கள் இந்தப் பத்திரிகை படிக்கிறீர்கள் என்று தெரியும். அவர் முட்டு மாற்றிய அன்றைக்கு நிறையப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தீர்கள். நான் எழுதியதில் ஜெபமோ ஆட்களோ முன்னே பின்னே இருந்தால் திருத்திக்கொள்ளலாம், அது பரவாயில்லை. இதை மட்டும் யாராவது படத்தில் பார்த்துச் சொல்லுங்கள். அவர் கையை எடுத்த பிறகு சகாயம் எந்தப் பக்கம் பார்த்து நின்றது? டிசம்பருக்குள் தெரிந்தால் அப்படியே வைத்துவிடுவேன்.